பதின்மூன்றில் சிங்கம்; பதினேழில் எங்கே?

பாளையங்கோட்டை மைதானத்தில் காலை வெயில் ஏறுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டி நடக்கிறது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவு.

கூட்டத்தில் ஒரு பையன் மட்டும் தனியாகத் தெரிகிறான். மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அகன்ற தோள். மேல் உதட்டில் மை தீட்டியதுபோல் மீசை.

குண்டு எறிந்தால் அவனுக்குத்தான் முதல் பரிசு. நூறு மீட்டர் ஓடினாலும் அவனுக்குத்தான். கபடிக்கு இறங்கினாலோ கேட்க வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து பிடித்தாலும் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறான்.

எதிர்ப் பள்ளிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏலே! ஒனக்கு எத்தனை பிள்ளைலே?" என்று வேலிக்கு வெளியே இருந்து ஒரு குரல் வருகிறது. கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது.

பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுக்கு உண்மையிலேயே பதின்மூன்று வயதுதான்.

இப்படி ஒரு பையனைப் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, தாமிரபரணி ஓடுகிற வழியில் எந்த ஊர் மைதானத்திலும் பார்க்கலாம். எந்த ஆண்டிலும் பார்க்கலாம்.

நாலு வருஷம் கழித்து அதே மைதானத்துக்குப் போனால் அவனைத் தேட வேண்டியிருக்கும். ஒருவேளை ஓரத்தில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருப்பான். ஒருவேளை விளையாட்டையே விட்டிருப்பான். அன்று அவன் தோளுக்குக்கூட வராத பையன்கள் இன்று அவனைத் தாண்டி வளர்ந்து நிற்பார்கள்.

என்ன ஆயிற்று?

"கண் பட்டுவிட்டது" என்பார் பாட்டி. "திமிர் வந்துவிட்டது" என்பார் வாத்தியார். "சகவாசம் சரியில்லை" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

பெரும்பாலும் இவற்றில் எதுவும் காரணம் இல்லை. பையன் கெட்டுப்போகவும் இல்லை. அவன் உடம்பு முந்திக்கொண்டது. மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான்.

வயது இரண்டு

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று, பிறந்த தேதியை வைத்துச் சொல்வது. இன்னொன்று, உடம்பின் வயது. இரண்டும் ஒன்றாகவே போவதில்லை.

பையன்கள் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி மளமளவென்று உயர்கிறார்கள். அந்த ஒரே ஆண்டில் 9 அல்லது 10 சென்டிமீட்டர்கூட வளர்ந்துவிடுவார்கள். தைத்த கால்சட்டை ஆறு மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். பெண் பிள்ளைகளுக்கு இது சுமார் இரண்டு ஆண்டு முன்னாலேயே வந்துவிடும்.

ஆனால் பதினான்கு என்பது சராசரிதான். சிலருக்குப் பன்னிரண்டில் வரும். சிலருக்குப் பதினாறில் வரும். இரண்டும் இயற்கைதான், நோய் அல்ல.

ஆகவே பதின்மூன்று வயது நிறைந்த இரண்டு பையன்களை அருகருகே நிறுத்தினால், ஒருவனுடைய எலும்பு பதினைந்து வயதுப் பையனுடையதுபோல் இருக்கலாம். மற்றவனுடைய எலும்பு பதினொரு வயதுப் பையனுடையதுபோல் இருக்கலாம். பிறந்த நாள் ஒன்றே. உடம்பில் நாலு வருஷ வித்தியாசம்!

நெல் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அம்பை 16 குறுகிய காலப் பயிர். நாலு மாதத்துக்குள் அறுத்துவிடலாம். வேறு ரகங்களுக்கு அதற்கு மேலே மூன்று வாரம், ஒரு மாதம் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்து, தொண்ணூறாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? ஒரு வயலில் கதிர் வந்திருக்கும். அடுத்த வயலில் வெறும் தாள்தான் நிற்கும். அதைப் பார்த்து, "இது தேறாது" என்று எந்த விவசாயியும் மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. சரியாகச் சாப்பாடு கிடைக்காத பிள்ளை பிந்தித்தான் வளரும். பன்னிரண்டு வயதில் வாட்டசாட்டமாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், விளையாட்டுத் திறமையைப் பொறுக்கியதாக ஆகாது. பாதிக்குப் பாதி வீட்டு அடுப்பைப் பார்த்துப் பொறுக்கியதாகத்தான் ஆகும்.

தேர்வில் என்ன கிடைக்கிறது?

"விளையாட்டுத்தானே, போகட்டும்" என்று விட முடியாது. இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைக்கூடத் தேர்வு செய்து சேர்த்துக்கொள்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். ஏழை வீட்டுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1986-ம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது தூத்துக்குடி மாவட்டம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போன அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஹாக்கி மட்டை இருக்கும். அங்கே உள்ள ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் 2022-ம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பையன். கார்த்தி அரியலூரில் இருந்து வந்தவர். சிறு வயதில் ஓர் இடம் கிடைத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இவர்களே அத்தாட்சி.

கல்லூரியில் சேர விளையாட்டு இட ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இடம் இருக்கிறது. ஆனால் மாநிலப் போட்டிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் அந்தக் கதவுப் பக்கமே போக முடியும். மாநிலப் போட்டிக்குப் போக மாவட்டத்தில் ஜெயிக்க வேண்டும். மாவட்டத்துக்குப் போகக் குறுவட்டத்தில் ஜெயிக்க வேண்டும்.

அந்த முதல் படியில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், ஜெயிப்பது யார்? உடம்பு முந்தியவன்தான்.

படி தாண்டும்போது சறுக்கல்

பள்ளிப் போட்டிகளில் மூன்று பிரிவு உண்டு. பதினான்குக்கு உட்பட்டோர், பதினேழுக்கு உட்பட்டோர், பத்தொன்பதுக்கு உட்பட்டோர்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை.

பதின்மூன்றில் சிங்கமாக இருந்தவன் அடுத்த ஆண்டு பதினேழுக்கு உட்பட்டோர் பிரிவுக்குப் போகிறான். அங்கே பதினாறு வயது நிறைந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களும் மீசை முளைத்தவர்கள். அவர்களுக்கும் தோள் அகன்றிருக்கிறது. ஒரே ஆண்டில் பெரியவன் சிறியவனாகிவிடுகிறான்!

அதுவரை அவன் எப்படி ஜெயித்தான்? பலத்தால் ஜெயித்தான். கபடியில் காலை மாற்றி வைத்து ஏமாற்றத் தெரிய வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. முட்டித் தள்ளிவிட்டு வந்தான். ஹாக்கியில் பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகக் கற்கவில்லை. ஓங்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடினான். கிரிக்கெட்டில் பந்தின் தையலை எப்படிப் பிடிப்பது என்று யோசிக்கவில்லை. வேகமாக வீசினால் ஸ்டம்பு பறந்தது.

அவன் மேல் குற்றம் இல்லை. ஜெயிக்கிறவனுக்கு யார் பாடம் சொல்லப் போகிறார்கள்? தேகப்பயிற்சி ஆசிரியருக்குக் கோப்பை வேண்டும். தலைமை ஆசிரியருக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டக் கோப்பை வேண்டும். பையன் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

அதே காலத்தில் குட்டையாக இருந்தவன் என்ன செய்தான்? பலம் இல்லாததால் தந்திரம் கற்றுக்கொண்டான். குனிந்து தப்பினான். எதிராளியின் கண்ணைப் பார்த்து ஆடினான். பதினாறில் அவனுக்கும் உயரம் வந்தது. இப்போது அவனிடம் பலமும் இருக்கிறது, தந்திரமும் இருக்கிறது.

இது அவன் அதுவரை மைதானத்தில் இருந்தால்தான். பெரும்பாலும் அவனைப் பன்னிரண்டு வயதிலேயே, "நீ போய்ப் படிலே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆக நஷ்டம் இரண்டு. முந்தியவனும் போனான், பிந்தியவனும் போனான்.

முந்தி வளர்ந்தவனுக்கு வளர்ச்சி நிற்பதும் முந்தித்தான். எலும்பின் நுனியில் உள்ள வளரும் பகுதி மூடிக்கொண்டால் அதற்குமேல் உயரம் வராது. பதினைந்து, பதினாறில் அவனுக்கு அது மூடும் நிலைக்கு வந்துவிடும். பிந்தியவனுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும்.

பெல்ஜியம் நாட்டில் லூவன் பல்கலைக்கழகத்தார் பையன்களைச் சிறு வயதிலிருந்து 30 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பதினான்கு, பதினைந்தில் முந்தி வளர்ந்தவர்களே பலப் பரீட்சையில் முன்னால் நின்றார்கள். 30 வயதில் அந்த முன்னிலை மறைந்துவிட்டது.

கை வலி, முதுகு வலி

உயரமான பையனுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. எல்லா ஆட்டத்திலும் அவனையே இறக்குவார்கள்.

கிரிக்கெட் என்றால் அவன்தான் வேகப் பந்து வீச வேண்டும். காலையில் பள்ளி அணி. மாலையில் தெரு அணி. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டி. எலும்பு நீண்டுவிட்டது, ஆனால் இன்னும் முற்றவில்லை. அந்த நேரத்தில் இடைவிடாமல் வீசினால் முதுகெலும்பில் மயிரிழைபோல விரிசல் விழும். குதிப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிக்கும். குதிகாலும் வலிக்கும். "வளர்கிற வலி" என்று தைலம் தேய்த்து மறுபடி அனுப்புவார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அங்கே சிறுவர்களுக்கு "லிட்டில் லீக்" என்ற அமைப்பு இருக்கிறது. ஒரே பையனை வைத்து எறிய வைத்து, எறிய வைத்து முழங்கை கெட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, 2007-ம் ஆண்டு முதல் எண்ணிக்கை வைத்துவிட்டார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது. எறிந்த கணக்குக்குத் தக்கபடி இத்தனை நாள் ஓய்வு என்றும் விதி.

நம் ஊர்த் தெருப் போட்டிகளில் பந்தை யார் எண்ணுகிறார்கள்?

1957-ல் நடந்த அதிசயம்

லிட்டில் லீக் என்றதும் ஒரு கதையைச் சொல்லாமல் போக முடியாது.

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி. லிட்டில் லீக் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கலிபோர்னியாவில் லா மேசா என்ற ஊர்ப் பையன்கள். சராசரி உயரம் 5 அடி 4 அங்குலம். எடை 127 பவுண்டு. மறு பக்கம் மெக்சிகோ நாட்டில் மான்டெர்ரே என்ற ஊரிலிருந்து வந்த ஏழைப் பையன்கள். சராசரி உயரம் 4 அடி 11 அங்குலம். எடை 92 பவுண்டு. அதாவது நம் ஊர்க் கணக்கில் 42 கிலோவுக்குக் கீழே!

பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

மெக்சிகோ அணியில் ஆங்கெல் மசியாஸ் என்ற சிறுவன் பந்து எறிந்தான். எதிரணியில் ஒருவரைக்கூட முதல் முனையைத் தொட விடவில்லை. 4-0 என்று மெக்சிகோ ஜெயித்தது. அந்தப் போட்டியில் வெளிநாட்டு அணி ஒன்று கோப்பை வாங்கியது அதுவே முதல் தடவை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அதே போட்டிக்கு வந்த 55 பையன்களின் கையை குரோக்மன் என்ற எலும்பு நிபுணர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பலருடைய எலும்பு அவர்கள் வயதைவிட முந்தியிருந்தது. ஊர் ஊராகச் சலித்து எடுக்கும்போது, திறமையோடு உடம்பையும் சேர்த்துச் சலித்துவிட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

தெரிந்து என்ன பயன்? 2001-ம் ஆண்டு அதே லிட்டில் லீக்கில் டேனி அல்மான்டே என்ற நியூயார்க் பையன் பெரிய புகழ் பெற்றான். அவன் எறிந்த பந்தை யாராலும் தொட முடியவில்லை. பிறகு விசாரித்தார்கள். பன்னிரண்டு என்று சொன்ன பையனுக்குப் பதினான்கு வயது! அணியின் வெற்றிகளை ரத்து செய்தார்கள். சான்றிதழைத் திருத்தியது பெரியவர்கள், தலைகுனிந்தது பையன். அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடும் வாய்ப்பு அவனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

எலும்புப் படம்

வயதைக் குறைத்துக் காட்டும் வித்தை நம் நாட்டுக்குப் புதிது அல்ல. பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாமல், ஜூன் மாதத்துக்குத் தோதாக வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அது அறியாமை. இரண்டு வயதைக் குறைத்து வேண்டுமென்றே சான்றிதழ் வாங்குவது வேறு.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் டிராவிட், இந்த வயது மோசடியைக் கடுமையாகக் கண்டித்தார். வயதைக் குறைத்தவன் திறமையால் மேலே வருவதில்லை, பெரிய உடம்பால் வருகிறான். உண்மையான வயதுக்காரன் அவனால் இடத்தை இழக்கிறான் என்பது அவருடைய வாதம்.

இதைத் தடுக்க இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2012-ம் ஆண்டு முதல் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கிறது. டானர், வைட்ஹவுஸ் என்ற இரண்டு ஆங்கிலேய நிபுணர்கள் வகுத்த முறையில் எலும்பின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

பொய் சொன்னவன் இதில் மாட்டிக்கொள்வான். நல்லது.

ஆனால் நெசமாகவே முந்தி வளர்ந்த பையன்? அவன் சான்றிதழ் உண்மை. அவன் தாய் பெற்ற நாளும் உண்மை. எலும்பு மட்டும் ஒரு வருஷம் முன்னால் ஓடுகிறது. அவனும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறான். மைதானத்தில் "ஒனக்கு எத்தனை பிள்ளைலே" என்று கேட்டவர்கள், "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்பார்கள்.

மணிக்கட்டு எலும்பு வளர்ச்சியைத்தான் சொல்லும். பிறந்த நாளைச் சொல்லாது. 2025-ல் கிரிக்கெட் வாரியம், சில பையன்களுக்கு இரண்டாவது தடவை சோதனை செய்ய இடம் கொடுத்தது. ஒரு கணக்கை வைத்து ஒரு பையனுடைய ஒரு வருஷத்தைப் பறிக்கக் கூடாது என்பதே காரணம்.

சடங்கான பிள்ளை

பெண் பிள்ளைகள் கதை இதைவிட வருத்தமானது.

பத்து, பதினொரு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்த பெண், நீளம் தாண்டுவதில் பையன்களையே தோற்கடிப்பாள். பிறகு வயதுக்கு வருவாள். அதற்குப்பின் உயரம் சில சென்டிமீட்டர்தான் கூடும். இடுப்பு அகலும், எடை கூடும். கொஞ்ச காலத்துக்கு ஓட்டம் பழைய மாதிரி வராது. இது தற்காலிகம். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள ஓராண்டு, இரண்டாண்டு பிடிக்கும். இரும்புச் சத்து உள்ள சாப்பாடும், பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் மாத்திரையும் இந்தச் சமயத்தில் மிகவும் அவசியம்.

ஆனால் அந்த இரண்டு ஆண்டு அவளுக்குக் கிடைப்பது எங்கே?

"சடங்கான பிள்ளையை அரைக்கால் சட்டையோட ஓட விடுவாங்களா?" என்று ஆச்சி கேட்பார். அப்பா பேசாமல் இருப்பார். காலணி பரணுக்குப் போகும். முந்தி வளர்ந்த பையனை மற்றவர்கள் தாண்டிப் போகிறார்கள். முந்தி வளர்ந்த பெண்ணை வீட்டு வாசற்படியே நிறுத்திவிடுகிறது. இவளோடு படித்து, ஓராண்டு பிந்தி வயதுக்கு வந்த தோழி அந்த ஓராண்டும் ஓடியிருப்பாள். அவள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது அடுத்த ஆண்டுக் கதை.

தராசு வைத்த ஆட்டம்

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதில் ஒன்று இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது.

ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் கபடிக்குப் பேர் போன கிராமங்கள் உண்டு. 1994-ம் ஆண்டு ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் இந்தப் பக்கத்துக்காரர். 2025 தீபாவளிக்கு வந்த "பைசன்" படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது.

அந்த ஊர்களில் திருவிழாக் கபடி நடத்துகிறவர்கள் வயதை மட்டும் நம்புவதில்லை. நோட்டீசிலேயே இத்தனை கிலோவுக்கு உட்பட்டோர் என்று போட்டுவிடுகிறார்கள். மைதானத்து மூலையில் எடை மிஷின் இருக்கும். ஒவ்வொருவனாக ஏறி இறங்க வேண்டும். அகில இந்தியச் சிறுவர் கபடியிலும் பதினாறு வயதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும், 55 கிலோவுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும் என்பது விதி. அரைக் கிலோ அதிகமானால், காலையில் சாப்பிடாமல் மைதானத்தைச் சுற்றி ஓடி வியர்வை சிந்தும் பையன்களைப் பார்க்கலாம். அது கெட்ட பழக்கம்தான். என்றாலும் தராசு வைத்த யோசனை நல்ல யோசனை.

இங்கிலாந்தில் பெரிய கால்பந்து சங்கங்கள் இதையே சுமார் பத்து ஆண்டுக்கு முன்னால் வேறு பெயரில் பரீட்சை செய்து பார்த்தன. வயதைத் தள்ளிவைத்துவிட்டு, உடம்பு வளர்ச்சியில் ஒத்த பையன்களை ஒன்றாக ஆட விட்டார்கள். முந்தி வளர்ந்த பையன்களுக்கு முதல் தடவையாகத் தங்கள் பலம் செல்லவில்லை. பந்தை வேகமாகக் கடத்தவும், யோசித்து ஆடவும் வேண்டியிருந்தது. பிந்தி வளர்ந்தவர்களுக்கு முதல் தடவையாகப் பந்து கிடைத்தது. இரு தரப்புக்கும் அது பிடித்திருந்தது என்று கண்டார்கள்.

எப்போதும் இப்படியே ஆட வேண்டும் என்பதில்லை. பத்து ஆட்டத்தில் இரண்டு ஆட்டம் போதும்.

முந்தி வளர்ந்த எல்லோரும் பிந்திவிடுவார்கள் என்றும் நினைக்கக் கூடாது. ஜமைக்கா நாட்டின் உசைன் போல்ட் பதினைந்து வயதிலேயே ஆறு அடிக்கு மேல் வளர்ந்து, 2002-ம் ஆண்டு உலக இளைஞர் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். பிறகும் அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. மறுபுறம் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானை, பதினைந்து வயதில் உயரம் போதாது என்று அவர் பள்ளியின் முதல் அணியில் சேர்க்கவில்லை. அவரைவிட உயரமான நண்பனை எடுத்துக்கொண்டார்கள். நண்பன் பெயர் இன்று ஜோர்டான் கதையில் மட்டும்தான் வருகிறது.

தையல்காரர் டேப் போதும்

பையன் முந்தியவனா, பிந்தியவனா என்று அறிய எக்ஸ்ரே தேவையில்லை. தாய் தகப்பன் உயரம் தெரிந்தால் போதும்.

தகப்பன் உயரத்தையும் தாய் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்ட வேண்டும். பையனாக இருந்தால் அதோடு 13 சேர்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 13 கழிக்க வேண்டும். வருவதை இரண்டால் வகுத்தால், பிள்ளை கடைசியில் எவ்வளவு உயரம் வரும் என்பது உத்தேசமாகத் தெரியும். இரண்டு மூன்று அங்குலம் முன்னே பின்னே போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையைச் சுவரோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு வந்தால், வேகமாக வளரும் காலம் எப்போது வந்தது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் பயிற்சியைக் கொஞ்சம் குறைத்து, முழங்கால் வலி என்று சொன்னால் பொய் சொல்லுகிறான் என்று நினைக்காமல் ஓய்வு கொடுப்பது நல்லது.

ஒரு உதாரணம். இரண்டு பையன்கள். இருவருக்கும் பதின்மூன்று வயது.

முதல் பையன் 158 சென்டிமீட்டர். தகப்பன் 167, தாய் 153. கணக்குப்படி அவன் 166 அல்லது 167 வரை வருவான். ஆக இப்போதே நூற்றுக்கு 95 பங்கு வளர்ந்துவிட்டான்.

இரண்டாவது பையன் 145 சென்டிமீட்டர். தகப்பன் 175, தாய் 158. கணக்குப்படி 173 வருவான். இப்போது நூற்றுக்கு 84 பங்குதான் வளர்ந்திருக்கிறான்.

தேர்வு நாளில் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முதல் பையனுக்கு வளர இன்னும் 8 சென்டிமீட்டர் பாக்கி. அவனுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறவனுக்கு 28.